தராசு எங்கள் வீட்டில் இருந்த நாட்கள்

நம்மில் யாருக்கும் இன்னும் முப்பது முடியவில்லை. ஆனாலும் கிடர்பூர் சந்தில் கூட வளர்ந்த ஒருவரை ஹவுரா படகுத்துறையிலோ சால்ட் லேக் ஆட்டோ வரிசையிலோ பார்த்துவிட்டால் கிழவர்களைப் போலத்தான் பேசிக்கொள்கிறோம். "அந்த கிளப் ரூம் இருக்குதா?" "இடிச்சிட்டாங்க." "அந்த கேரம் போர்டு?" "எவன் கண்டான்." அதோடு பேச்சு நின்றுபோகிறது. அடுத்து எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். தராசு. நம்மில் பாதிப் பேர் அதில் தொங்கியவர்கள். மீதிப் பேர் தம்பியையோ தங்கையையோ தூக்கிப்போய் அதில் தொங்கவிட்டவர்கள். நான் இரண்டாவது வகை.

வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிப்பது, எழுதுவது, இன்னொருவர் சொன்னதை இங்கே வந்து சொல்வது எல்லாம் சின்ன வயதிலிருந்தே என் தலையில் விழுந்த வேலைகள். இதையும் அவற்றில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கப்பலிலிருந்து மூட்டை இறக்கினார். அவர் வீடு திரும்பும்போதே எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சர்க்கரை என்றால் சட்டையை ஈ மொய்க்கும். உரம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் கண் எரியும். அம்மா துறைமுக அதிகாரிகளின் குவார்ட்டர்ஸில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். ஒன்று வங்காளி வீடு. மற்றது தமிழ் வீடு. அந்த வீட்டம்மாவை நாங்கள் குவார்ட்டர்ஸ் அம்மா என்போம். தங்கைக்கு அப்போது ஒன்றரை வயது தாண்டியிருந்தது. அம்மா வேலைக்குக் கிளம்பியதும் அவள் என் இடுப்புக்கு வந்துவிடுவாள். நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் அவளைக் குழாயடி அத்தையிடம் விட்டுப்போவேன். அத்தை சொந்தமில்லை. தெருக்குழாய்க்கு நேர் எதிர் வீடு, அவ்வளவுதான். என் இடது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று தையல்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

காலையில் கிச்சுடி ஸ்கூல். பலகையில் அங்கன்வாடி என்றுதான் எழுதியிருந்தது. வங்காளிகள் அதைக் கிச்சுடி ஸ்கூல் என்றார்கள், நாமும் அப்படியே சொன்னோம். கிளப் ரூமின் ஒரு மூலையில் கேரம் போர்டு, சுவரில் யாரோ எப்போதோ ஜெயித்த கால்பந்துக் கோப்பைகள், நடுவில் நாம். அரிசியும் பருப்பும் மஞ்சளும் ஒன்றாகக் குழையும் கிச்சுடி வாசனை கால்வாய் நாற்றத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சமையல் செய்தவளை மாசி, அதாவது சித்தி, என்போம்; அவள் முட்டையை நூலால் இரண்டாக அறுப்பாள். பாதி ஒருவருக்கு. எடை அட்டையில் சிவப்புக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் முழுசு.

நடத்தியவர் திதிமணி. திதி என்றால் வங்காளத்தில் அக்கா; டீச்சரைத் திதிமணி என்பார்கள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கறுப்புக் குடை, இரண்டு பஸ் மாறி வருகிறவர். அவர் பேசியதெல்லாம் வங்காளம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தங்கையைத் தூக்கிக்கொண்டு வருவதால் 'தாதா'. அண்ணன்.

மாதம் ஒருமுறை எடை போடுவார்கள். பூஜைக்குச் சரவிளக்கு தொங்கவிடுகிற கொக்கியில் அன்று தராசு தொங்கும். கடிகாரம் மாதிரி வட்ட முகம், ஒரே ஒரு முள். கீழே நீலத் துணியில் ஒரு நிக்கர். பிள்ளையின் கால்களை அதில் நுழைத்து மாட்டிவிட்டால் முள் ஆடி ஆடி நிற்கும். திதிமணி அதைப் பார்த்து அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று பட்டைகள்.

சிவப்பு என்றால் நம் சந்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு முந்தைய வருஷம் துறைமுக மதிலை ஒட்டிய வீடுகளுக்குச் சிலர் வந்து கதவில் சிவப்புச் சாயத்தால் ஒரு குறி போட்டார்கள். அன்பாகத்தான் பேசினார்கள். வேறு இடத்தில் நல்ல வீடு கிடைக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு கிழவர் அவர்களுக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார். பிறகு மஞ்சள் வண்டி வந்து இடித்தது. அவர்களுக்கு வீடு கிடைத்தது என்று சிலரும் கிடைக்கவில்லை என்று சிலரும் சொன்னார்கள். அவர்களைத் திரும்ப யாரும் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் குழாயடியில் பேச்சு வேறாக இருந்தது. குடத்தைப் பிடித்துக்கொண்டு அத்தைதான் ஆரம்பித்தாள்.

"பக்கத்துச் சந்துல ஒரு புள்ளைக்குச் சேப்பு வந்திச்சாம். வேன் வந்து தூக்கிக்கினு பூட்டாங்க. ஆத்தாளையும் சேத்து."

"எங்க?" என்றாள் அம்மா.

"சென்டர்னு சொல்றாங்க. ரெண்டு வாரம் வெளிய வுடமாட்டாங்களாம். ரத்தம் எடுப்பாங்களாம்."

"புள்ள திரும்பி வந்துச்சா?"

"வந்திச்சுன்னு ஒருத்தி சொல்றா. வந்தது அந்தப் புள்ளையே இல்லன்னு இன்னொருத்தி சொல்றா."

நான் தங்கையை இறுக்கிப் பிடித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் அம்மா இதைச் சொன்னபோது அவர் துண்டை உதறிவிட்டு, "சர்க்காரு சும்மா சோறு போடுதுன்னா அதுக்கு இன்னாவோ கணக்கு இருக்குது. நான் அப்பவே சொன்னேன்" என்றார். அப்பவே சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்த மாதம் தங்கையின் புள்ளி மஞ்சளும் சிவப்பும் சேர்கிற கோட்டின் மேலேயே விழுந்தது. திதிமணி பேனாவை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"தாதா, அம்மாகிட்ட சொல்லு. அடுத்த மாசம் இதுக்குக் கீழ இறங்கினா சென்டருக்குப் போகணும். டாக்டர் இருக்கார், பால் குடுப்பாங்க, மருந்து குடுப்பாங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

ஒரு சொல் விடாமல் வீட்டில் சொன்னேன். கடைசி வார்த்தையைக் கேட்டதும் அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கதவில் குறி போட்டவர்களும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

வழி சொன்னது குழாயடி அத்தை. "எம் பேரன் மூணு மாசமா மஞ்சள்லயே நிக்கறானே, எப்பிடின்னு நெனச்ச?" என்று கேட்டுவிட்டு, பேரனின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அரைஞாண் கயிற்றில் கறுப்புத் துணி மூட்டை ஒன்று. தாயத்து மாதிரி. உள்ளே கனமான கப்பல் நட்டு.

நம் சந்தில் இடுப்பிலோ கழுத்திலோ எதையாவது கட்டாத பிள்ளை உண்டா? இந்து, முஸ்லிம், தமிழ், பீகாரி, வங்காளி எல்லாப் பிள்ளைக்கும் ஏதோ ஒரு கயிறு, ஏதோ ஒரு தாயத்து. அடுத்தவர் பிள்ளையின் தாயத்தை அவிழ்ப்பது பெரிய பாவம். திதிமணியின் கையிலேயே கோயில் நூல் ஒன்று வெளுத்துப்போய்க் கிடந்தது. பிள்ளைகளை அப்படியே தூக்கி நிக்கரில் போட்டுத்தான் எடை பார்ப்பார்.

"தாயத்த அவுருன்னு எவ சொல்லுவா?" என்றாள் அத்தை. "கொஞ்சம் குங்குமம் வெச்சின்னா சாமியாயிடும்."

துறைமுகப் பட்டறையில் குப்பையாகக் கிடந்த நட்டை அப்பா கொண்டுவந்தார். அம்மா அதைக் கறுப்புத் துணியில் வைத்துத் தைத்தாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் கட்டினாள். வெறும் ஏமாற்று வேலை என்று அவள் நினைத்திருந்தால் அவ்வளவு நேரம் கும்பிட்டிருக்க மாட்டாள்.

எடை போடுகிற நாள் காலையில் மட்டும் கட்டுவோம். முதல் தடவை முள் நின்ற இடத்தைப் பார்த்துத் திதிமணி, "பாஹ்! ஷோனா!" என்று தங்கையின் கன்னத்தைத் தட்டினார். அடுத்த மாதம் இன்னொரு நட்டு. பிறகு இன்னொன்று. நம் சந்தில் எத்தனை வீட்டில் இது நடந்தது என்று இப்போது யாரும் ஒத்துக்கொள்ளப்போவதில்லை. எங்கள் வீட்டை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மேலதிகாரி ஒருவர் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய திதி. அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சந்தில் ஒரு சிவப்புகூட இல்லையே என்று கைதட்டச் சொன்னார். தட்டினோம். திதிமணியின் முகம் சிவந்து, அவர் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டது நினைவிருக்கிறது. இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு பெண்ணை யாராவது பாராட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவையோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படிப்பட்ட நாளில் அந்தத் தாயத்தை உற்றுப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

மறுநாளிலிருந்து தங்கைக்குப் பாதி முட்டை. அவள்தான் சிவப்பை விட்டு விலகிவிட்டாளே.

அட்டையில் புள்ளி ஏறியது. வீட்டில் அவள் சத்தம் குறைந்தது. பசிக்கு அழுவதை முதலில் விட்டாள். விழுந்தால் அழுவதைப் பிறகு விட்டாள். பூஜைக்கு டாக் மேளம் அடித்தபோது மற்ற குழந்தைகள் அலறிப் புடைத்து அம்மா மடிக்கு ஓட, இவள் என் தோளில் தலையை வைத்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடிக்கடி அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு படும். கையை எடுத்ததும் மறுபடி பயம் வரும். திரும்பவும் வைப்பேன்.

முடி சோளக்கதிர் நார் மாதிரி நிறம் மாறியது. குவார்ட்டர்ஸ் அம்மா ஒருநாள் அவளைப் பார்த்து, "அட, வெள்ளைக்காரக் குழந்தை மாதிரின்னா இருக்கா! உன் நிறத்துக்கு இப்படி ஒரு முடியா?" என்று சிரித்தாள். அம்மா அதை வீட்டில் பெருமையாகச் சொன்னாள். பிறகு கால் பருத்தது. "பாரு, கொழுக்கறா. நான் சொன்னேன்ல?" என்றாள் குழாயடி அத்தை. நான் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். விரலால் அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. ஈர மண்ணில் கால் வைத்தால் நிற்குமே, அப்படி. பள்ளம் மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேன் வந்துவிடும் என்று நினைத்தேன். அழுத்திப் பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

காளி பூஜை முடிந்த வாரம் எடை போடுகிற நாளில், ஊசி போட வருகிற திதி ஒரு புது நாடா கொண்டுவந்தார். தையல்காரர் நாடா போல ஒன்று, ஆனால் குட்டி. அதிலும் அதே மூன்று நிறம். பிள்ளையின் மேற்கையைச் சுற்றி இழுத்தால் ஒரு சின்ன ஓட்டையில் நிறம் தெரியும். எல்லோருக்கும் அது விளையாட்டாக இருந்தது. எனக்குப் பச்சை வருமா என்று மாசிகூடக் கையை நீட்டினாள்.

தங்கைக்குச் சிவப்பு.

"சரியா இழுக்கல" என்று திதிமணி தானே இழுத்துப் பார்த்தார். சிவப்பு. வேறொரு பிள்ளையின் கையில் போட்டுப் பார்த்தார். பச்சை. திரும்ப இவளுக்கு. சிவப்பு.

"எடை எட்டைத் தாண்டி ரெண்டு கோடு ஏறியிருக்கு. கை இப்படி. இது எப்படி?" என்று ஊசி திதியிடம் கேட்டார். ஊசி திதி தங்கையின் பாதத்தில் விரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். நான் தினமும் பார்த்த அந்தப் பள்ளத்தை அவர்கள் இருவரும் பார்த்தார்கள்.

திதிமணியின் கை மெதுவாகத் தங்கையின் இடுப்புக்குப் போனது. கவுனுக்கு மேலேயே தடவினார். அவிழ்க்கவில்லை. என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எத்தனை சாமிடா இருக்கு, தாதா?"

நான் தங்கையின் கவுனைக் கீழே இழுத்துவிட்டேன். அவர் மாசியிடம், "போய் இவன் அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார்.

அம்மா கையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தாள். உள்ளே வந்ததும் ஒரே பாய்ச்சலாகத் தங்கையை வாங்கிக்கொண்டு சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். திதிமணி சொல்ல நான் தமிழில் சொன்னேன். அம்மா சொன்னதை வங்காளத்தில் சொன்னேன். இன்றைக்கே போக வேண்டும், இப்படியே விட்டால் இந்த மாதம் தாண்டாது என்று திதிமணி சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "செத்துடுவாளாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா அழவில்லை. கவுனைத் தூக்கி, கயிற்றை அவளே பல்லால் கடித்து அறுத்து, கறுப்பு மூட்டையைத் திதிமணியின் மேஜைமேல் வைத்தாள். கூடவே, "கூட்டிக்கினு போ. ஆனா புள்ளைய நீ எடுத்துக்கினு போறியே, எனக்கு இன்னா குடுத்துட்டுப் போற?" என்றாள்.

திதிமணிக்கு இது புரிய நேரம் பிடித்தது. நம் ஆட்கள் யாருக்கும் புரிந்திருக்கும். நம் வீட்டிலிருந்து குக்கர் போனாலும் கொலுசு போனாலும் அடகுக்குத்தான் போனது. கையில் ஏதாவது வாங்கிக்கொள்ளாமல் ஒரு பொருளை விட்டால் அது திரும்பாது. அம்மா அறிந்த உலகம் அவ்வளவுதான்.

"நானும் கூட வரேன்னு சொல்லு. அம்மாவும் அவகூடவே அங்க இருக்கப்போறா, எதுக்குப் பயம்?" என்றார் திதிமணி.

"என்னையும் சேத்து வெச்சிக்கினா யாரு கேப்பா?"

திதிமணி குடையை நீட்டினார். அம்மா பார்க்கக்கூட இல்லை. கைப்பேசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அம்மா தலையை ஆட்டினாள். அவள் கை கொக்கியைக் காட்டியது.

"அத்தக் குடு."

"அது சர்க்காருது" என்றார் திதிமணி, இந்தியில், நேராக அம்மாவிடமே.

"எம் புள்ளைய எடுத்துக்கினு போறதும் சர்க்காருதான?"

இதை நான் மொழிபெயர்த்தேன். ஊசி திதி சிரித்துவிட்டார். திதிமணி சிரிக்கவில்லை. பிறகு ஸ்டூல்மேல் ஏறி, தராசைக் கழற்றி, நீல நிக்கரை அதைச் சுற்றிக் கட்டி என் கையில் கொடுத்தார். அது தங்கையைவிடக் கனமாக இருந்தது போல் எனக்குத் தோன்றியது. "யாராவது கேட்டா ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்வேன். நீயும் அதையே சொல்லு" என்றார். சொல்லிவிட்டு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். திதிமணிகளும் பயப்படுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வேன் வருவதற்குள் அம்மா என்னோடு குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வங்காளி வீட்டில் சரி என்றார்கள். தமிழ் வீட்டில் குவார்ட்டர்ஸ் அம்மா வாசலிலேயே நின்று, "ரெண்டு வாரமா? அரசாங்கம் உங்களுக்கெல்லாம் குடுத்துக் குடுத்தே கெடுத்து வெச்சிருக்கு. இனிமே ஆஸ்பத்திரியிலயும் சாப்பாடு போட்டுப் படுக்க வெக்கறாங்களா? நீ வரவே வேணாம்" என்றாள். அதே அம்மாள்தான் எனக்குப் பழைய நோட்டுப் புத்தகங்களில் மீந்த தாள்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தவள். இரண்டையும் சேர்த்தே நினைவு வைத்திருக்கிறேன்.

வேன் கிளம்பும்போது தங்கை என் பக்கம் கையை நீட்டவில்லை. அதுதான் அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது.

அப்பா வேலை முடிந்து வந்து, ஆணியில் தொங்கிய தராசைப் பார்த்துக் கதவைச் சாத்தினார். நடந்ததைச் சொன்னேன். "சர்க்கார் பொருளுடா இது! என்னை உள்ள தூக்கி வெப்பாங்க" என்று லுங்கியால் அதை மூடினார். பிறகு லுங்கியை விலக்கிப் பார்த்தார். பிறகு மூடினார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. இருவரும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். பொழுது போகாமல் ரேஷன் கடையில் வாங்கிய அரிசிப் பையை அதில் மாட்டினார். முள் காட்டியதை நான் படித்தேன். கடைக்காரர் சொன்ன எடைக்கு ஒரு கை அரிசி குறைந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "யாருகிட்டயும் சொல்லாத. அப்புறம் இது ஏது உனக்குன்னு கேப்பான்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அவர் சென்டருக்குப் போய்வந்தார். பார்க்கிற நேரம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "உள்ள வுடல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குழாயடி அத்தைக்கு அது போதுமாக இருந்தது. "நான் சொன்னேன்ல?" என்று ஆரம்பித்தவளை அப்பா பார்த்த பார்வையில் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதே வாரம் பெரிய திதி வந்தார். நான் கிச்சுடிக்கு டிபன் பாக்ஸோடு வரிசையில் நின்றிருந்தேன். "தராசு எங்கே?" என்றார். ரிப்பேர் என்றார் திதிமணி. "யார்கிட்ட? சீட்டு எங்கே? நாளைக்குக் காலையில் வருவேன். கொக்கியில் இல்லையென்றால் எழுதி அனுப்பிவிடுவேன்." திதிமணி என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்கக்கூடாது என்று பார்க்காமல் இருந்தார்.

நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தராசை மடியில் வைத்துக்கொண்டார். "குடுத்துட்டா புள்ள?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கொடுக்காவிட்டால் திதிமணியின் வேலை போகும், அப்புறம் பிள்ளையை யாரிடம் போய்க் கேட்பது? இதையும் அவரேதான் சொன்னார்.

காலையில் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னோடு கிளப் ரூமுக்கு வந்தார். யாரையும் கேட்காமல் ஸ்டூலில் ஏறிக் கொக்கியில் மாட்டினார். அதற்குக் கீழேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொங்கிய நிக்கரின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். "நான் இங்கியே இருக்கறேன். அவங்க வந்து பாத்துட்டுப் போவட்டும்னு சொல்லு" என்றார்.

பெரிய திதி வந்தார். தராசைப் பார்த்தார். கீழே இருந்த மனிதரைப் பார்த்தார். "இவர் யார்?"

"மிஸ்திரி" என்றார் திதிமணி. "இப்பத்தான் மாட்டினார்."

"வேலை முடிஞ்சுதா?" என்று பெரிய திதி அப்பாவையே கேட்டார். அப்பாவுக்கு வங்காளம் அரைகுறை. தராசின் பின்பக்கத்தை ஒரு தட்டுத் தட்டி, மிகுந்த அக்கறையோடு தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"இன்னும் ரெண்டு நாள் வேலை பாக்கியாம்" என்றார் திதிமணி.

பெரிய திதி எதையோ குறித்துக்கொண்டு போனதும், மாசி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். திதிமணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்பா தராசைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். சந்து திரும்பியதும் ஒரு கைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வாரம் முடிந்து அம்மாவும் தங்கையும் வந்தது ஒரு மத்தியான நேரம். திதிமணியும் கூட வந்தார். அம்மா இளைத்திருந்தாள். தங்கையின் காலில் வீக்கம் இல்லை. அப்பா ஆசையோடு கையை நீட்டியதும் தங்கை அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டாள். தொண்டை கிழியும் அழுகை. மாதக்கணக்கில் அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கவில்லை. அப்பா கையை இழுத்துக்கொண்டார். இது அந்தப் பிள்ளைதானா என்று அவருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்திருக்கும்.

தராசைத் திருப்பிக் கொடுக்கும் முன் அவளை எடை போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அடகு மீட்கும்போது பொருளைச் சரிபார்ப்பது வழக்கம்தானே. உதைத்துக்கொண்டு கத்தியவளை நிக்கரில் நுழைத்து ஆணியில் தொங்கவிட்டோம்.

"படிடா."

"எட்டு."

"போன தடவ இன்னா?"

"எட்டு தாண்டி ரெண்டு கோடு."

அப்பாவின் முகம் மாறியது. "கொறஞ்சிருக்குது! ரெண்டு வாரம் வெச்சிக்கினு இன்னா பண்ணீங்க எம் புள்ளைய? யாரு எடுத்தா?" என்று திதிமணியின் பக்கம் திரும்பினார். திதிமணி ஒரு அடி பின்னால் போனார்.

அம்மாதான் இருவருக்கும் நடுவில் வந்தாள். "கத்தாத. இப்பத்தான் இவ மட்டும் தொங்கறா" என்றாள்.

அப்பாவுக்கு அது புரிய அவகாசம் ஆனது. புரிந்ததும் நிக்கரோடு சேர்த்துத் தங்கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் மூக்கில் உதைத்தாள்.

திதிமணி அட்டையைப் பையிலிருந்து எடுத்து வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பேனா புள்ளி வைக்க வேண்டிய இடத்துக்கு மேல் நின்றது. எனக்கே தெரிந்தது சிக்கல். சென்டருக்குப் போகும் முன் மேலே ஒரு புள்ளி. போய்வந்த பின் அதற்குக் கீழே ஒரு புள்ளி. கோடு இறங்கும். பெரிய திதி காரணம் கேட்பார். நட்டைச் சொன்னால் நாங்கள் மாட்டுவோம். சொல்லாவிட்டால் திதிமணி.

யாரும் மொழிபெயர்க்காமலே அம்மா அதைப் புரிந்துகொண்டாள். அவர் பக்கத்தில் குந்தி, அட்டையில் மேலே ஓர் இடத்தைச் சுட்டு விரலால் தொட்டாள்.

"மேலயே வெச்சிடு திதிமணி. உனக்குத் திட்டு வுழும்."

என்ன சொல்கிறாள் என்று திதிமணி என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் அம்மாவின் விரலைப் பிடித்து மெதுவாக ஒதுக்கிவிட்டு, எட்டில், மஞ்சளில், புள்ளியை வைத்தார்.

"அடுத்த மாசம் இதுக்கு மேல ஒண்ணு வெக்கணும்னு அம்மாகிட்ட சொல்லு, தாதா. அதுக்கு இடம் வேணுமே" என்றார்.

நான் சொன்னது அம்மாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. தங்கை இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற அழுகை.